முனீஸ்வரியின் பதினொன்றாம் வாரம்

தூக்குவாளியைத் துலக்கிக் கவிழ்ப்பதற்கு முன்னால் முனீஸ்வரி அதன் வயிற்றில் இடது பெருவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். எடுத்துவிட்டு, வாளியை வெயில் பக்கம் திருப்பிச் சாய்த்துப் பார்ப்பாள். எதையோ தேடுவாள். பிறகு முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுக் கவிழ்ப்பாள். தினமும் நடப்பது இது.

அந்த வாளி அவள் ஜெயித்தது. 1974 பொங்கலுக்கு நடந்த ஓட்டப்பந்தயத்தில் உள்ளங்காலில் கருவேல முள் தைத்த நிலையிலேயே ஓடி, பள்ளிக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேரை முந்தி வாங்கியது. ஏழாம் மாதத்தில் பிறந்து, தேறாது என்று மருத்துவச்சி கைவிட்ட மகள் தங்கச்செல்வியைப் பஞ்சில் பொதிந்து வைத்துப் பிழைக்க வைத்தாள். சாயப்பட்டறையில் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த நாலு மணி டீயை, இரண்டு நாள் தொட்டியைத் தொடாமல் உட்கார்ந்து பெண்களுக்கும் வாங்கிக் கொடுத்தாள். 1988 தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் ஒரே ஒரு பாவாடைத் துணி எடுத்தவளுக்கு, நாலாயிரம் சீட்டுப் போட்ட குலுக்கலில் கறுப்பு வெள்ளை டி.வி. விழுந்தது.

இவற்றையெல்லாம் தேதி தவறாமல் குறித்து வைத்திருப்பவர் அவளுடைய அண்ணன் பூமிநாதன். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரம் குறிப்பவர். திருச்சுழி வண்டி ஒன்பது பத்துக்கு வர வேண்டியது ஒன்பது பதினேழுக்கு வந்தால், பதினேழு என்றுதான் எழுதுவார். இருபது என்று எழுத அவருக்குக் கை வராது. அந்த நோட்டின் கடைசிப் பக்கங்கள் தங்கச்சிக்கு. அவருடைய படிப்பு எட்டாம் வகுப்பு. அவர் ஏழாவது படித்த 1961-ல் அப்பா படுத்த படுக்கையானார். வீட்டில் ஒருவர் வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நிலையில், ஒன்பது வயது முனீஸ்வரி சாயப்பட்டறைக்குப் போனாள். அவர் மேற்கொண்டு ஒரு வருஷம் படித்தது அந்தக் கூலியில்தான். இதை நோட்டில் எழுதவில்லை.

பட்டறை வேலை என்பது நூல் கழிகளைக் கம்பில் மாட்டித் தொட்டிக்குள் விட்டுத் திருப்பித் திருப்பி எடுப்பது. முதலில் காரத் தொட்டி, பிறகு பிளீச்சிங் தொட்டி, கடைசியில் சாயத் தொட்டி. கையுறை கிடையாது. திங்கட்கிழமை சிவப்பு ஓடினால் அந்த வாரம் முழுக்க அவள் பிசையும் சோறு சிவப்பாகத்தான் தெரியும். பெருவிரலால் கழியைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே கதை சொல்வாள். டி.வி.யில் எத்தனையோ கதை பார்த்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான். அது பதினொன்றாம் வாரத்துக் கதை.

டி.வி. வந்த மூன்றாம் மாதம், வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஒரு துப்பறியும் தொடர் ஓடியது. இன்ஸ்பெக்டர் ஆனந்தகுமார் என்று ஒருவர் வாரம் ஒரு கொலையைத் துலக்குவார். தெருவே வந்து உட்காரும். பதினொன்றாம் வாரம், பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். பழி வேலைக்காரி மேல் விழுகிறது. எல்லாரும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார்கள். இன்ஸ்பெக்டர் சுவரோரம் உருண்டு கிடந்த பித்தளைச் செம்பின் மேல் கறுப்புப் பொடியைத் தூவிச் சின்ன தூரிகையால் நீவுகிறார். ஒரு பெருவிரல் ரேகை மெல்ல எழும்பி வருகிறது. அது அம்மாளுடைய தம்பி மகனின் ரேகை. “ஆளு மாறலாம், பேரு மாறலாம், சாட்சி மாறலாம். ரேகை மாறாது” என்கிறார் இன்ஸ்பெக்டர். வேலைக்காரி வாசற்படியில் நின்று தன் உள்ளங்கையைப் பார்ப்பதோடு முடியும்.

அன்று முனீஸ்வரி டி.வி.க்கு மிக அருகே போய் உட்கார்ந்துவிட்டாள் என்பது பூமிநாதனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம் இருந்தது.

அவள் புருஷன் 1982-ல் மஞ்சள் காமாலையில் இறந்தபோது, திருச்சுழிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசலை விட்டுப் போயிருந்தான். கொழுந்தன் கோட்டைச்சாமி அதை உழுது, வருஷம் தவறாமல் தை மாதம் அண்ணன் பங்குக்கு ஒரு மூட்டை மிளகாய் வத்தல் அனுப்பிக்கொண்டிருந்தான். 1989 தை மாதம் மூட்டை வரவில்லை. முனீஸ்வரி ஒன்பது பத்து வண்டி ஏறி நேரில் போனாள். கோட்டைச்சாமி முகம் மாறாமல் சொன்னான்.

“நெலத்த எனக்குக் கெரயம் பண்ணிக் குடுத்து நாலு வருசமாச்சே மதினி. கைநாட்டு வச்சது மறந்து போச்சா?”

பத்திரத்தில் 1985 என்று இருந்தது. முனீஸ்வரி என்று பேரும், பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகையும் இருந்தன. அந்த வருஷம் அவள் பத்திர ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. வேறு யாரோ ஒரு பெண், முனீஸ்வரி என்று பேர் சொல்லி, விரலை நீட்டியிருக்கிறாள்.

செம்புக் கதை வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அதைப் பார்த்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். புருஷன் போன பிறகு அவள் பொட்டு வைத்து அன்றுதான் பார்த்தார்.

“அண்ணே, கேசு போடுவோம். அவென் ஊரையே சாட்சிக்குக் கூட்டியாந்தாலும் வெரலு ஒண்ணுதான?”

கேஸ் போட்டார்கள். வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக மூன்று வருஷம் போனது. பட்டறையில் இளவட்டப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

“எக்கா, ஒங்க இன்ஸ்பெக்டரு பஸ்ஸு ஏறிட்டாராம்ல. பாலவனத்தம் தாண்டிட்டாராம்.”

“வருவாரு. பஸ்ஸு லேட்டு. எங்கண்ணங்கிட்டக் கேளு, எத்தன நிமிசம்னு எழுதி வச்சிருப்பாரு” என்பாள், கழியைத் திருப்பிக்கொண்டே.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டம் முழுக்க அறிவொளி வகுப்பு வந்தது. தெருவிளக்கடியில் கிழவிகள் எல்லாம் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். முனீஸ்வரி போகவில்லை. எந்த வேலையையும் பத்து நாளில் கற்றுக்கொள்கிறவள், இதற்கு மட்டும் கிட்டவே வரவில்லை. பூமிநாதன் தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். சொல்லும்போதே, இதை முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கே உறைத்தது. அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை. அவளுக்கு வேறு கணக்கு.

“கையெழுத்துப் படிச்சுட்டா, இவளுக்குத்தான் எழுதத் தெரியுமே, இவ வெரல என்னத்துக்குப் பாக்கணும்னு சொல்லிருவானுக. கேசு முடியட்டும். அதுவரைக்கும் நான் கைநாட்டுதேன்.”

அவளுக்கு மொத்த உலகத்தின் மேலும் இருந்த நம்பிக்கை அந்த ஒரு விரலின் மேல் உட்கார்ந்திருந்தது.

1992 ஜூலையில் கோர்ட்டில் வைத்து அவள் ரேகையை எடுத்தார்கள். அதையும் பத்திர ஆபீஸ் புத்தகத்தில் இருந்த ரேகையையும் சென்னைக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் கழித்து வந்த பதிலை வக்கீல் வாசித்துக் காட்டினார். புத்தகத்தில் உள்ள ரேகை தெளிவாக உள்ளது; வாதியின் விரலில் கோடுகள் தேய்ந்து போயிருப்பதால் ஒப்பிட்டுக் கருத்துச் சொல்ல இயலவில்லை.

முனீஸ்வரி இடது கையை விரித்து, தன் பெருவிரலை முதன்முதலாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். அது கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. காரமும் பிளீச்சிங்கும் முப்பது வருஷமாகத் தின்றது போக மிஞ்சிய விரல்.

தோல்தானே, வேலையை விட்டால் மறுபடி வளரும் என்றார் ஒரு டாக்டர். அன்றே பட்டறையை விட்டு நின்றாள். இன்னொரு முறை ரேகை எடுக்க வக்கீல் மனுப் போட்டார். காலையும் மாலையும் விரலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். தண்ணீர்க் குடத்தைக்கூட அந்த விரல் படாமல் தூக்கினாள். வாளியில் அழுத்திப் பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததுதான். மூன்றாம் மாதம் ஒரு நாள் வாளியோடு பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டாள். பூமிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதல் மழைக்குப் பிறகு கரிசலில் கம்பு முளை தெரிவதைப் போல, இருக்கிறதா இல்லையா என்று நாலைந்து கோடுகள்.

“தெரியுதாண்ணே?”

“தெரியுது தாயி.”

அன்றைக்கு மதுரை வண்டி ஒன்றுக்கு நேரம் எழுத விட்டுப் போனது. அவர் வேலைக் காலத்தில் அப்படி விடுபட்டது அந்த ஒன்றுதான்.

மனு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட்டு விடுமுறை. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாய்தா இரண்டு மாதம் தள்ளிப் போனது. அண்ணன் வீட்டிலிருந்து வந்த அரிசியை அவள் இரண்டு முறைக்கு மேல் வாங்கிக்கொள்ளவில்லை. அப்போது தங்கச்செல்வி பத்தாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தீப்பெட்டி ஒட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்த மகளைக் கையைப் பிடித்து எழுப்பிக் கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் விட்டாள். விட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய்க் காரத் தொட்டியில் கையை விட்டாள்.

இரண்டாம் முறை ரேகை எடுத்தபோது விரல் பழையபடி கூழாங்கல்லாகியிருந்தது. எடுத்த குமாஸ்தாவே தாளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அவள் விடவில்லை. கூண்டில் ஏறி நின்று அவள் சொன்ன பதிலைப் பூமிநாதன் அன்றே நோட்டில் எழுதி வைத்தார். தேதி 12.4.1994. பத்திரத்தில் உள்ளது உன் ரேகை இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“அந்த ரேகை புதுசா உழுத சாலு மாதிரி தெளிவா இருக்குங்கய்யா. நான் ஒம்பது வயசுல காரத்துல கைய விட்டவ. எம்பத்தஞ்சுல எனக்கு ஏதுங்கய்யா ரேகை?”

எழுதிக்கொண்டிருந்த ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். பூமிநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எந்த இன்ஸ்பெக்டருக்கும் தோன்றாத ஒன்றை, பள்ளிக்கூடம் பார்க்காத தன் தங்கச்சி துலக்கிவிட்டாள்.

ஒன்பது வயதிலிருந்து வேலை பார்த்ததற்கு அத்தாட்சி உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். நியாயமான கேள்விதான். பட்டறைக்காரரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர் கைகட்டி நின்று, “பொம்பளையாளுக வருவாக, போவாக. பேரு எழுதுற வழக்கம் இல்லீங்க” என்றார். பூமிநாதன் தானே கூண்டில் ஏறினார். கூடப் பிறந்தவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வக்கீல் கேட்டபோது, அவரிடம் ஒரே ஒரு காகிதம் இருந்தது. 1961-ல் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார் என்பதற்கான சான்றிதழ். அவர் எங்கே இருந்தார் என்பதற்குத்தான் பதிவு இருந்தது. அவள் எங்கே இருந்தாள் என்பதற்கு இல்லை.

ஆகஸ்டு மாதக் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். வாதி தன் தரப்பை நிரூபிக்கவில்லை, வழக்கு தள்ளுபடி. மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல்.

“அங்கயும் இதே வெரலத்தானய்யா கொண்டு போகணும்” என்றாள்.

செப்டம்பரில் அந்தத் தொடரை மறுபடியும் தினம் ஒரு கதையாகப் போட்டார்கள். பதினொன்றாம் வாரத்துக் கதை வந்த அன்று பூமிநாதன் வேண்டுமென்றே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். பார்க்க மாட்டாள் என்று நினைத்தார். பார்த்தாள். பெரிய வீடு, செத்த அம்மாள், அழுகிற வேலைக்காரி. தூரிகை செம்பின் மேல் இறங்கியபோது முனீஸ்வரி எழுந்தாள்.

“அந்தப் பொம்பள ஏனம் கழுவுனவ. சாயத்துல கெடந்தவ இல்ல” என்றாள் மகளிடம். பிறகு யாரிடமும் இல்லாமல், “இன்ஸ்பெக்டருக்கு எங்க பட்டறை தெரியாதுல்ல” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். ரேகை எழும்பி வந்ததை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பட்டறையில் அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. இளவட்டங்கள் எவ்வளவோ சீண்டிப் பார்த்தார்கள். கழியைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

வாளியில் விரலை அழுத்துவது மட்டும் நிற்கவில்லை. எதற்கென்று கேட்க அண்ணனுக்குத் துணிச்சல் வரவில்லை.

தீர்ப்பு நகல் வாங்க இரண்டு பேரும் போனார்கள். பதினொன்று இருபதுக்கு ஜன்னலில் பேர் கூப்பிட்டார்கள். குமாஸ்தா நோட்டைத் திருப்பி, பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த கட்டத்தைக் காட்டினார். பூமிநாதன் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து தங்கச்சி பக்கம் நகர்த்தினார். முனீஸ்வரி அதை மூடினாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்த பேனாவை, பஸ் நேரம் எழுதுகிற அதே பேனாவை, உருவி எடுத்தாள். எப்போது படித்தாள், யார் சிலேட்டில் படித்தாள், எத்தனை நாள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. குனிந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மு, னீ, ஸ், வ, ரி என்று ஒவ்வொன்றாக வைத்தாள். கட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனது. தேதி போட வேண்டும் என்றார் குமாஸ்தா. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் சொல்லச் சொல்ல, எண்களையும் அவளே எழுதினாள்.

17.10.1994.