பனியில் கட்டிய மாவட்டம்

மேற்கு டென்மார்க்கில் இருந்த மாமா ஒரு குளிர்கால விடுமுறைக்கு நோர்வேயில், அம்மருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் அப்பா அவரைச் சீண்டத் தொடங்கிவிட்டார். நோர்வேயின் மலைகளையெல்லாம் தானே கட்டி நிறுத்தியதுபோல ஒரு பெருமை அப்பாவுக்கு.

“உங்கட டென்மார்க்கில பார்க்க என்ன கிடக்கு மச்சான்? சப்பட்டை நாடு.”

அடுத்தநாள் காலை மாமா என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

“வா மகள், எங்கட ரிங்கொபிங் அம்டைக் கட்டுவம்.”

அம்ட் என்றால் மாவட்டம். மேற்கே பனியை ஆழமாகத் தோண்டிக் கடலாக்கினார். வழுக்காமல் பாதையில் போடுகிற சரளையை அள்ளிவந்து கரை நெடுக மணல்மேடுகள் வைத்தார். மேடுகளுக்கு இந்தப் பக்கம், கடலோடு ஒரு வாயால் மட்டும் சேர்கிற நீண்ட களப்பு. கிழக்கே வெறும் தரவை. ஒன்றும் விளையாத அந்த நிலத்தைச் சனம் மரம் நட்டு, மண்ணைப் பண்படுத்தி வயலாக்கியதாம். நான் பைன் குச்சிகளை நட்டேன்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மாமாவின் டேனிஷ் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர் தமிழில் சொல்ல, நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஒரு டீச்சரைப்போல என்னைச் சுற்றி எல்லோரும் நின்றது அதுவே முதல்தடவை.

ஒருகாலம் மணல் வந்து களப்பின் வாயை அடைத்து, வெள்ளம் வயல்களுக்குள் ஏறியதாம். சனமே கரையை வெட்டிக் கடலுக்கு வழிவிட்டதாம். மாமா களப்பில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு, “முகத்துவாரத்தை நீ வெட்டு” என்று கரண்டியை என்னிடம் தந்தார். மேலே பல்கனியில் அப்பா நின்றார். பனி தண்ணீரைக் குடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு வெட்டின வழியே கடலுக்குள் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா சப்பாத்தைச் சரியாகக்கூடப் போடாமல் இறங்கி வந்தார்.

“இப்ப அந்த அம்ட் இல்லை அத்தான். கலைச்சுப் பெரிய பிராந்தியத்தோட சேர்த்திட்டாங்க,” என்றார் மாமா. “பேரைத்தான் எடுத்தவங்க. இடம் அங்கதானே கிடக்கு.”

அப்போது ஒரு பெடியன் தண்ணீர் ஓடுகிற இடத்தைக் காட்டி அதன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டான்.

“முகத்துவாரம்,” என்றேன், தலையை நிமிர்த்தி.

அவர்கள் நாக்குப் புரளாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு டேனிஷ் சொல் தெரியும் என்று அன்று முழுக்கப் பெருமை. மாமா திருத்தவில்லை. அப்பாவும் மாமாவும் பிறந்த மட்டக்களப்பில் மழைக்கு வெள்ளம் ஏறினால் சனம் வெட்டிவிடுகிற வாயின் பெயர் அது என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? அவர்கள் இருவரும் ஏன் அவ்வளவு நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதும் அன்று விளங்கவில்லை.