மைனஸ் முப்பத்தெட்டு

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அன்று அது சர்வேயர் மீது பாய்ந்தது. பாய்ந்திருக்க வேண்டியது என் மீது.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, அறுவடைக்குக் காத்து நின்ற சம்பா வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுதளம். நாங்கள் செய்த பெட்டியை அங்கே சோதித்துக்கொண்டிருந்தோம். பெரிய விமான நிலையங்களில் ஓடுதளத்து ஓரமாக ஆண்டெனாக்கள் இருக்கும். அவற்றின் ரேடியோ அலையைப் பிடித்து விமானத்துக் கருவியில் ஊசி ஆடும். ஊசி நடுவில் நின்றால் இறங்கும் பாதை சரி என்று அர்த்தம். சின்ன ஓடுதளத்துக்கு ஆண்டெனா கட்டுப்படியாகாது. விமானத்தில் வைக்கும் எங்கள் பெட்டி, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களிடம் கேட்டு, பழைய கருவிக்குப் பழைய ரேடியோ பாஷையிலேயே சொல்லும். ஊசிக்கு வித்தியாசம் தெரியாது. ஓடுதளம் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதை மட்டும் பெட்டிக்கு நாம் சொல்ல வேண்டும். சொன்னவள் நான்.

விமானி வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கருவிகளுக்கு மேலே மாதா படம் ஒட்டியிருப்பார். “மாதாவையும் உங்க ஊசியையும் நம்பித்தான் போறேன் மேடம்” என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். அப்போது வானம் பளிச்சென்று இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் தை மாதப் பனி வாய்க்கால் பக்கமிருந்து வந்து வயலை மூடிவிட்டது. ஊசி எங்கே நிற்கிறது என்று ரேடியோவில் கேட்டேன்.

“ஊசி நடுவுல நிக்குதுங்க. கீழ வயலு மங்கலா தெரியுது. இன்னும் கொஞ்சம் இறங்கிப் பாக்குறேன்.”

ஓடுதளத்தை அளந்து தந்த சர்வேயர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றார். “நேத்து ஒரே கூத்துங்க மேடம். உயரம் எடுத்தா, மெஷின் மைனஸ் முப்பத்தெட்டுங்குது! நம்ம நிலம் என்ன கடலுக்கு அடியிலயா கெடக்கு? மைனஸை நானே எடுத்துட்டுத்தான் உங்களுக்கு அனுப்புனேன்.”

நான் ரேடியோவைத் தாவி எடுத்தேன். அவர் மெஷினும் செயற்கைக்கோளைக் கேட்டு அளப்பதுதான்; செயற்கைக்கோளுக்குக் கடல் மட்டம் தெரியாது. அதன் கணக்கில் இந்தப் பக்கத்துக் கடல் மட்டமே மைனஸ் தொண்ணூற்றைந்து மீட்டர்; எங்கள் டெல்டா முழுக்கவே மைனஸில்தான் வரும். மைனஸ் இல்லாத முப்பத்தெட்டைக் கடல் மட்டக் கணக்கென்று எண்ணி, வழக்கம்போல் அதிலிருந்து தொண்ணூற்றைந்தைக் கழித்திருந்தேன். மைனஸ் ஐம்பத்தேழு. பெட்டியின் கணக்கில் ஓடுதளம் மண்ணுக்குள் பத்தொன்பது மீட்டர் ஆழத்தில் கிடந்தது. ஊசி நடுவில் நிற்க நிற்க, அந்த மனிதர் வயலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார். இதே டெல்டாவில், குத்தாலத்தில் பிறந்த எனக்கு முப்பத்தெட்டு நம் பக்கத்து உயரமாகத்தான் பட்டது. வேறு ஊர்க்காரி என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பாள்.

“சார், மேல போங்க! ஊசி பொய்! மேல போங்க!”

பனிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் நெருங்கியது. பிறகு அது ஓங்கிக் கத்தியது. விமானம் எங்கள் தலைக்கு மேலே முழுசாகத் தெரிந்து, ஏறி, மறைந்தது.

“அறிவிருக்கா உங்களுக்கு?” என்று சர்வேயரிடம் கத்தினேன். அவர் டீயைக் கீழே கொட்டிவிட்டு நின்றார். பாவம், ஏன் என்றே அவருக்குப் புரியவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பனி விலக முக்கால் மணி நேரமானது. விமானி கண்ணால் பார்த்தே இறக்கினார். நான் ஓடிப்போய் முதலில் சக்கரத்தைப் பார்த்தேன். இடுக்கில் இரண்டு நெற்கதிர்கள் சிக்கியிருந்தன. அவர் குனிந்து உருவி என் கையில் கொடுத்தார்.

“அறுவடைய ஆரம்பிச்சு வச்சுட்டேன் மேடம்.”

சிரிக்கத்தான் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன்.

சர்வேயரும் நானும் மறுபடி அளந்தோம். எண்ணை அவர் உரக்கப் படித்தார், மைனஸோடு. பெட்டியில் அதை மூன்று முறை சரிபார்த்தேன். விமானி தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

“இப்ப நம்பலாமாங்க?”

நான் கதிர்களைப் பையில் வைத்துக்கொண்டு, விமானத்தின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.