மூன்றாவது டிவிடி

கணினித் திரையில் அக்கா மோர் வாளியோடு நின்றாள். பந்தியில் பாதியிலேயே எழுந்த ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தாள். "ஏப்பா, ரசத்துக்கு முன்னாடியே எந்திரிச்சா எப்பூடி? சம்பந்தி வீட்டு ஆளுக பாத்தா, சாம்பாரோட பந்திய முடிச்சுட்டோம்னு நெனைக்க மாட்டாகளா? உக்காருப்பா." சுற்றிலும் சிரிப்பு. கேமரா தன் பக்கம் திரும்பியதை அப்போதுதான் கவனித்தாள். "என்னைய எதுக்குப்பா எடுக்குற? அங்கிட்டு மேடையில போயி எடு." அதுவரைதான் பார்த்தேன். நிறுத்திவிட்டு டிவிடியை வெளியே எடுத்துவிட்டேன்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மகளின் திருமணம் அருப்புக்கோட்டையில் நடந்தது. அதைப் பதிவு செய்த ஸ்டூடியோக்காரர் மூன்று டிவிடிகள் கொடுத்திருந்தார். பல வருடம் கழித்து மகள் சென்னையிலிருந்து கூப்பிட்டு, "லேப்டாப்புல டிவிடி போட எடமே இல்லப்பா. ஃபோன்ல பாக்குற மாதிரி சுருக்கி அனுப்புங்க" என்றாள். அதற்கென்று ஒரு டிரைவ் வாங்கி, மென்பொருளை இறக்கி, நானாகவே கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு படத்தையும் முழுதாக வைக்காமல், முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டு வீடியோவைச் சுருக்கும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் டிவிடியில் மாப்பிள்ளை அழைப்பு. இரண்டாவதில் மேடை, தாலி கட்டு. மூன்றாவது முழுக்கப் பந்தி; இலையும் வாளியும் மெல்லுகிற வாய்களும். இதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று அதை மட்டும் சுருக்காமல் விட்டேன். அக்கா அப்போது திருச்சுழியில் நன்றாகத்தான் இருந்தாள். பஸ் ஏறினால் நேரிலேயே பார்த்துவிடலாம். எம்.ரெட்டியபட்டியில் கம்பு விதைத்திருந்த நண்பர், குருவி விரட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று பழைய வட்டுகளைக் கேட்டார். மூன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.

போன ஐப்பசியில் அக்கா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அவள் மகள் வந்தாள். "மாமா, அம்மா பேசுறது எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. ஃபோனை நீட்டுனாலே முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிருவாக. ஒங்க வீட்டுக் கல்யாண வீடியோவுல இருப்பாகல்ல, அதப் போடுங்க."

தேடிவைக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு ரெட்டியபட்டிக்கு ஓடினேன். கம்பு எப்போதோ அறுத்தாகிவிட்டது. கயிற்றில் வட்டுகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. பின்பூச்சு உரிந்து, வெயில் மறுபக்கம் தெரிந்தது. அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டேன். டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. ஸ்டூடியோக்காரரிடமும் கேட்டேன். "அதெல்லாம் அழிச்சு எத்தனையோ கல்யாணம் ஏத்தியாச்சு சார்" என்றார்.

மறுமுறை அவள் வந்தபோது மறைக்காமல் சொன்னேன். "பந்தி வீடியோவுல உங்க அம்மா இருந்தா தாயி. நான் அதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் வேணாம்னு விட்டேன்." அவள் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, "மேடை வீடியோ இருக்குல்ல மாமா, அதயாச்சும் போடுங்க" என்றாள்.

போட்டேன். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். பெண் வீட்டார் எல்லோரும் மேடைக்கு வரும்படி ஒலிபெருக்கி அழைக்கிறது. பெரியப்பா மகன்கள் ஏறுகிறார்கள், என் மனைவி ஏறுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கூட ஏறுகிறார். மேடையில் நிற்கும் நான் ஒரு கணம் இடப்பக்கம் தலையைத் திருப்புகிறேன். அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"யாரப் பாக்குறீக மாமா?"

அங்கே, தூணோரம், படத்துக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். இளவயதிலேயே கணவனை இழந்தவள். எங்கள் வீடுகளில் அப்படிப்பட்டவர்கள் அந்த நேரத்தில் மேடை ஏறுவதில்லை. அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வகுப்பில் அதைக் கண்டித்துப் பேசியும் இருக்கிறேன். ஆனாலும் அன்று அவள் என்னைப் பார்த்தபோது, நான் கூப்பிடவில்லை. சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று பயந்தேன்.

"உங்க அம்மாவத்தான்" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த கூப்புட்டிருந்தா, அம்மா இதுலயே இருந்திருப்பாக."

அவள் குரலில் கோபம் இல்லை. வீடியோவைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டாள். திரையில் நான் இடப்பக்கம் திரும்புகிறேன். உடனே சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கிறேன். அவள் மறுபடியும் பின்னுக்கு இழுத்தாள்.