அம்பாசடருக்குச் சேறு தெளித்த நாள்

அன்று மதுரை கோச்சடையில் எங்கள் வீட்டில் இருந்தது அம்மா, தங்கை, நான், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்த நண்பன். இல்லாதது அப்பாவும் அவர் ஓட்டிய கறுப்பு அம்பாசடரும். முதலாளி காரை விற்றுவிட்டார். கடைசிச் சவாரியாகத் தேனிக்குப் போயிருந்த அப்பா, சாயங்காலம் சாவியை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவார். வந்ததும் அவர் கையில் அதே காரைப் பொம்மையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

கல்யாண முருங்கைக் கட்டையில் ஒரு சாண் நீளத்துக்குச் செதுக்கி, கறுப்பு எனாமல் அடித்து, ஒரு வாரம் காயவைத்திருந்தோம். பளபளவென்று இருந்தது. அதுதான் கோளாறு.

"மாப்ள, இது கொலுவுல வைக்கிற காருடா. ஒங்கப்பா காரு ஊரச் சுத்துன காரு" என்றான் நண்பன்.

உண்மைதான். மழைக்காலத்தில் அந்தக் கார் கதவுக்குக் கீழே செம்மண் புள்ளி இல்லாமல் வந்ததே இல்லை. காவி பெயிண்டில் கொஞ்சம் மஞ்சள் கலந்தோம். தெளிக்க டூத் பிரஷ் வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பல்பொடியும் விரலும்தான். நண்பன் சைக்கிளை மிதித்துப் போய்த் தன்னுடையதையே எடுத்து வந்தான். பிரஷைப் பெயிண்டில் நன்றாக முக்கி, கட்டைவிரலால் சுண்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடா, காருக்கு அம்மை போட்ருக்கு?"

"வேப்பில ஒடிச்சுட்டு வரவாண்ணே?" என்றாள் தங்கை.

எனக்கு அழுகை வராத குறை. அவசரமாக டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடுவேனா? காரை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தோம், சேற்றைச் சுருக்க மறந்துவிட்டோம். பொம்மையில் கடுகளவு புள்ளி என்றால் நிஜக் காரில் எலுமிச்சம்பழம் அளவு.

இந்தத் தடவை பெயிண்டைத் தண்ணீராக இளக்கினோம். கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டினோம். பிரஷைப் பழைய துணியில் ஒற்றி, ஈரம் இருந்தும் இல்லாத பதத்தில், ஒரு முழம் தள்ளி நின்று சுண்டினேன். புகை மாதிரி விழுந்தது. சக்கரத்துக்குப் பின்னால் நெருக்கமாக, மேலே போகப் போக இடைவெளி விட்டு. நிமிர்ந்தபோது நண்பன் வாயைத் திறந்தபடி நின்றான்.

அது காய்வதற்குள் அப்பா வந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது. நாற்காலியில் இருந்த காரைப் பார்த்தார். கையில் எடுத்தார், தோள் துண்டை உருவினார், கதவை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.

"எங்கிட்டுப் போயி இம்புட்டுச் சேத்த அப்பிட்டு வந்தீங்கெ?" என்று எங்களைக் கேட்டார்.

"மாமா! பெயிண்டு மாமா, தொடைக்காதீங்க!" என்று நண்பன் அலறினான்.

அப்பா துண்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்காருடா இது! கை தன்னால போயிருச்சு!"

ஒரு பக்கச் சேறு சுத்தமாகப் போயிருந்தது. "போகட்டும் மாமா. இந்தப் பக்கம் காலைல கெளம்புற காரு, அந்தப் பக்கம் சாயங்காலம் திரும்புற காரு" என்றான் நண்பன். அப்படியே விட்டுவிட்டோம்.

காரைக் கீழே வைக்காமலே அப்பா கடைக்குப் போய் எல்லோருக்கும் பரோட்டா வாங்கி வந்தார். பெயிண்டு, டர்பன்டைன், பெயிண்டு அப்பிய துண்டுக்குப் பதிலாக அப்பாவுக்கு ஒரு புதுத் துண்டு, பரோட்டா எல்லாம் சேர்த்து முப்பத்தோரு ரூபாய் ஆனது.