சத்துமாவுக்கு எதிராக என் மனைவி

போன வாரம் என் மனைவி வசந்தா கோர்ட் படி ஏறினாள். பதறாதீர்கள்... வழக்கு என் மேல் இல்லை, ஒரு சத்துமாவு பாக்கெட் மேல்!

கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் அரைத்து விற்கும் மாவு அது. கேழ்வரகு, வேர்க்கடலை, ஏலக்காய் – ருசிக்குக் குறையே இல்லை. ஆனால் பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் ஓடிப்போகும்.'

அடுத்த வீட்டு ஷமீம் அக்கா அதை அப்படியே நம்பிவிட்டார். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மாவைக் குடித்தார். ஒரு நாள் தேரடி வீதியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் வசந்தாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே... அப்பப்பா!

வக்கீல் வைக்காமல் நுகர்வோர் கோர்ட்டில் அவளே மனு போட்டாள். போன வாரம் விசாரணை. ஷமீம் அக்காவும் கூட வந்தார்.

"நஷ்டஈடெல்லாம் வேணாங்க. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்க, போதும். இன்னொருத்தர் விழக்கூடாது" என்றாள் வசந்தா.

அடுத்து மாவுக்காரரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்தவர் பாதியிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு, "யப்பா... அண்ணாமலையாரே!" என்றார்.

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, மூட்டுவலியா?"

"ஆமாங்கய்யா, ரொம்ப ஜாஸ்தி. கிரிவலம் போனா பாதியிலேயே ஆட்டோ புடிச்சுடறேன்."

"உங்க மாவை நீங்க குடிக்கிறதில்லையா?"

வந்ததே ரோஷம் அவருக்கு! "என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? பத்து வருஷமா தினம் ரெண்டு வேளை குடிக்கிறேன்!"

கோர்ட்டே குலுங்கியது. டவாலிகூட வாயைப் பொத்திக்கொண்டார். திருதிருவென்று விழித்த மாவுக்காரர், விஷயம் புரிந்ததும் தானும் சிரித்துவிட்டார். பிறகு ஷமீம் அக்காவைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அந்த வரியை எடுத்துடறேம்மா. நெசம்னு நம்பித்தான் போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அதையே உத்தரவாக எழுதிவிட்டார் நீதிபதி.

லேபிளில் புளுகுபவர்கள் எல்லாம் வில்லன்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தன் லேபிளைத் தானே நம்பி ஏமாந்த மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்!

நேற்று மாலை எங்கள் வாசல் படியில், "யப்பா... அண்ணாமலையாரே!" என்று ஒரு சத்தம்.

"மாவு வந்துடுச்சு. அக்காவையும் கூப்பிடுங்க, நான் பாலைக் காய்ச்சறேன்" என்றாள் வசந்தா.

மாவுக்காரர் நீட்டிய புதுப் பாக்கெட்டில் இப்படி இருந்தது: 'பாலில் கலந்து குடித்தால் ருசியாக இருக்கும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.'

ஷமீம் அக்கா முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பிறகு, சர்க்கரை சேர்க்காமல் ஒரு டம்ளர் குடித்தார். மாவுக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தீர்ப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"ருசியாத்தான் இருக்கு" என்றார் அக்கா.

அப்பாடா... இந்த வழக்கில் மாவுக்காரர் ஜெயித்துவிட்டார்!