ஜோடியாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்

அப்பாவின் குரல் ஒரே ஒரு காசெட்டில்தான் இருந்தது. மலாயாவின் சுதந்திரத்துக்காக மலாக்காவில் நடந்த மெர்டேக்கா கூட்டத்தைப் பார்க்கத் தெங்கேரா வட்டாரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், திடலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு திரும்பிய கதையை அதில் சொல்லியிருந்தார். அவர் இறந்த பிறகு அம்மா தினமும் சாயங்காலம் அதைக் கேட்பார். பூஞ்சை பிடித்த அந்த நாடா, குரலைக் கணினியில் ஏற்றி முடித்த அன்றே அறுந்து போனது.

இனி என் பழைய லினக்ஸ் கணினிதான் அந்தக் குரலுக்குக் கதி. கையைக் கடிக்காமல் காப்பாற்ற ஒரு வழி பார்த்தேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதச் செய்வது. தனிக் கருவி எதுவும் வேண்டாம், லினக்ஸ் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். அதற்குப் பெயர் ரெய்டு என்றதும் அம்மா பதறிவிட்டார்.

"ரெய்டா? நம்ம வீட்டுக்கு எதுக்குய்யா போலீசு வருது?"

கஜா பெராங்கில் இருந்த எங்கள் வீடே அன்று விழுந்து விழுந்து சிரித்தது.

டிஸ்க் வாங்க புக்கிட் பாருவில் இருந்த கணினிக் கடைக்கு மனைவியும் வந்தாள். கடைக்காரர் வேறு வேறு கம்பெனி டிஸ்க் இரண்டை எடுத்து வைத்தார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க, குத்துவிளக்கு வாங்குனா ஒன்னு ஒரு மாதிரி, இன்னொன்னு வேற மாதிரியா வாங்குவோம்? மாமா குரல வைக்கப்போறோம். ஜோடியா வாங்குங்க."

எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரே பெட்டியிலிருந்து, அடுத்தடுத்த எண் போட்ட இரண்டை வாங்கி வந்து, சாமி முன்னால் வைத்துக் குங்குமம் இட்ட பிறகே மாட்டினேன்.

ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே சாகும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? சில வருஷம் கழித்து ஒரு டிஸ்க் நின்றுபோனது. நான் கவலைப்படவில்லை. புதிதாக ஒன்றை மாட்டி, மிஞ்சியதிலிருந்து நகலெடுக்க விட்டேன். பாதி எடுப்பதற்குள் அதுவும் டக் டக்கென்று தட்டிவிட்டு அடங்கியது. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். எனக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் கணினி முன்னால் உட்கார்ந்து, செருப்புக் கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழையும் இடம் வந்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார். என்னம்மா என்று கேட்டேன்.

"இந்த எடத்துல அப்பா இருமுவாருய்யா. கத எனக்கு மனப்பாடம். அந்த இருமல நான் எங்க போயி கேக்குறது?"