எப்பே வீட்டு கார்ட்ரிட்ஜ்

ஸ்வென்போர் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஹோல்கர். தனக்குப் பொறாமை என்பதே கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டுக்காரன் பாய்மரப் படகு வாங்கினான். மைத்துனன் கடலோரத்தில் கோடை வீடு கட்டினான். இரண்டுக்கும் கைகுலுக்கிவிட்டுத் திரும்பியவர்தான். அந்த நினைப்பைக் குலைத்தது கட்டைவிரல் நுனியளவு சாமான் ஒன்று.

தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடும் அவர் மனைவி போடில், பயிற்சி முடிந்து, குழுவில் கூடப் பாடும் எப்பே வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தாள்.

"எப்பே ரெக்கார்டு பிளேயருக்குப் புது கார்ட்ரிட்ஜ் போட்டிருக்கான். பாடுறவ மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது ஹோல்கர்!"

"நம்ம வீட்ல கேக்கலையா?"

"நம்ம வீட்ல அவ பாடுறாளா, பன்னிக்கொழுப்பு வறுக்கிறாளான்னே தெரியல."

கார்ட்ரிட்ஜ் என்பது இசைத்தட்டில் உரசிச் சத்தமெடுக்கும் ஊசி பொருத்திய சின்னத் துண்டு. ஹோல்கர் வீட்டில் அந்த ஊசி தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் ஹோல்கரைத் தைத்தது வேறு. எப்பே மனைவியை இழந்தவன். நல்ல குரல். இந்த வயதிலும் தலை நிறைய முடி. இப்போது மூச்சு இழுக்கும் சத்தம் வேறு.

மறுநாளே கடைக்குப் போனார்.

"உங்க ஆம்ப்ளிஃபயர் என்ன மாடல்?" என்று கேட்டாள் கடைக்காரி.

"அது கிடக்கட்டும். எப்பே வாங்கினானே, அதையே கொடுங்க."

"அதுல சத்தம் ரொம்ப சன்னமா வரும். அதைப் பெருசாக்கத் தனியா ஒரு பெட்டி வேணும். அவர்கிட்ட இருக்கு. உங்ககிட்ட?"

"இருக்கு" என்று கூசாமல் புளுகினார் ஹோல்கர்.

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும், மயிரிழை போன்ற நாலு கம்பிகளையும் ஒருவழியாகச் செருகி, இசைத்தட்டை வைத்தார். சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினார். இரைச்சலுக்கு நடுவே, எங்கோ போத்தலுக்குள் அடைபட்ட கொசுபோல ஒருத்தி பாடினாள்.

போடில் ரொட்டி வெட்டும் கத்தியோடு எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், "எப்பேவைக் கூப்பிடுறேன்" என்றாள்.

"அவனா? அவன் எதுக்கு? கூப்பிடாதே!"

அதற்குள் கூப்பிட்டாயிற்று.

எப்பே வந்தான். கையில் ஆப்பிள் கேக் வேறு. ஹோல்கருக்கு ஒரு துண்டை நீட்டிவிட்டு, பிளேயரைக் குனிந்து பார்த்தான். "அட, என்னோடதேதான்! ஏன்ப்பா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உன் ஆம்ப்ளிஃபயருக்கு இது ஒத்து வராது. திருப்பிக் கொடுத்துடு. வேற வாங்க போடிலைக் கூட்டிக்கிட்டுப் போ. என்னோடதை எடுத்துக் கொடுத்ததே இவதானே."

ஹோல்கரின் வாயிலிருந்த கேக் அப்படியே நின்றது.

"யாரு, போடிலா?"

"எனக்குக் காது போச்சு. சன்னமான சத்தம் எதுவும் எட்டாது. கடைக்காரி பார்த்து எடுக்கச் சொல்லி மூணு கொடுத்தனுப்பினா. இவ உக்கார்ந்து ஒவ்வொண்ணாக் கேட்டு, இதுதான்னு சொன்னா."

அவன் கிளம்பியதும் ஹோல்கர் கதவைச் சற்று ஓசையோடுதான் சாத்தினார். "அவன் வீட்ல உக்கார்ந்து மூணையும் கேட்டிருக்கே. இத்தனை வருஷத்துல என் பிளேயருக்கு ஒரு ஊசியாவது பார்த்துக் கொடுத்திருக்கியா?"

"நீ கேட்டியா? அவன் கேட்டான். நீதான் அதைத் தொடக்கூட விடமாட்டியே!"

 பிளேயரைத் தூசி தட்டக்கூட அவளை விட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். புளுகியதை ஹோல்கர் ஒப்புக்கொண்டார். கடைக்காரி பெருந்தன்மையோடு பொருந்தாததைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். போடில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, கடையிலிருந்த கார்ட்ரிட்ஜ்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் ஆடம்பரமில்லாத ஒன்றைக் காட்டி, "இதுல அவ நம்ம கூடத்துல நின்னு பாடுறா" என்றாள்.

வீட்டில் போட்டதும் ஹோல்கருக்கே தெரிந்தது. பாட்டுக்காரியின் 'ஸ்' ஓசைகூடச் சிதறாமல் வந்தது. ஆனாலும் மனது கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பேயோடதைவிட இது நல்லா இருக்கா?"

"இல்ல. அதுதான் ஒசத்தி."

"பொய்யாவது சொல்லக்கூடாதா?"

"வாயை மூடு. பாட்டு ஓடுது" என்றவள், அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கை அங்கேயே இருந்தது. மனசுக்குள் மட்டும் எப்பேயின் முடி அசைந்துகொண்டே இருந்தது.